அப்படி இல்லை என்ற பறவை

பறவைக்கும் மரத்துக்கும் மனுசனுக்கும் ஒரே பேச்சு புரிந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், மழை அருகிய சீமையில் ஒரு கண்மாய் இருந்தது. கண்மாய்க் கரையில் ஒரு மருத மரம். கண்ணுக்கு எட்டிய தூரம் அவ்வளவு பெரிய மரம் வேறு கிடையாது. கொக்கு, நாரை, கூழைக்கடா, வக்கா, சிறகி வாத்து, நாமக்கோழி எல்லாம் அந்த ஒரே மரத்தில்தான் குடியிருந்தன. நீரில் மேய்கிறவர், நிலத்தில் மேய்கிறவர் என்ற பேதமெல்லாம் பகலோடு சரி. பொழுது சாய்ந்தால் எல்லாருக்கும் அந்த மரம்தான் வீடு.

வீடென்றால் அதில் மேல், கீழ் உண்டு. உச்சிக் கிளையில் கூழைக்கடா பூவலிங்கம் இருந்தார். அவரைத் தலைக்கிளையார் என்று கூப்பிடுவார்கள். அதற்கடுத்து நாரைகள், அதற்கும் கீழே கொக்குகள், இப்படியே இறங்கி வந்து, தரையைத் தொட்டுவிடுகிற கடைசிக் கிளையில் நெட்டைக்கால் பறவை ஒன்று இருந்தது. அவள் பெயர் காத்தாயி. அவள் இனத்துக்கு அப்போது தனிப்பெயர்கூடக் கிடையாது. கீழ்க்கிளைக்காரர்கள் என்பார்கள், அவ்வளவுதான். மேலே இருக்கிறவர்கள் போடுகிற எச்சமெல்லாம் அவர்கள் தலையில்தான் விழும். விழுந்தால் சிலுப்பிவிட்டுக்கொள்வார்கள். அதைக் குறையாக நினைத்ததில்லை. மரத்தில் இடம் இருக்கிறதே, அது போதாதா.

மரத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. முன்னொரு காலத்தில் பொழுது சாய்ந்ததும் ஆளாளுக்குத் தான் பார்த்ததைச் சொல்வார்களாம். வடகரையில் மீன் அதிகம் என்று ஒருவர் சொல்வார், இல்லை தென்கரையில்தான் என்று இன்னொருவர் சொல்வார். பேச்சு முற்றிக் கொத்திக்கொண்டு, கிளை ஆடி, கூடு சரிந்து முட்டைகள் உடைந்த நாளும் உண்டு. அதனால் பெரியவர்கள் கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். தலைக்கிளையார் அன்றைய சேதியைச் சொல்வார். மற்றவர்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொருவராக "அப்படித்தான்" என்பார்கள். சொல்லி முடித்ததும் தூங்கப் போய்விடலாம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, ஒரு முட்டை உடையவில்லை.

நல்ல ஏற்பாடுதான். ஆரம்பத்தில் எல்லா ஏற்பாடும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாளாக ஆக, மாலையில் "அப்படித்தான்" என்று சொல்லப்போகிறவனுக்குப் பகலில் கண் எதற்கு என்று ஆகிவிட்டது. யாரும் எதையும் உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். காலையில் பறந்து போகும்போதும் தலைக்கிளையார் எந்தத் திசையில் கிளம்புகிறாரோ அந்தத் திசைதான். கிழக்கே இரண்டு பனைமரங்கள் நின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரே திரளாகப் போவார்கள். வானத்தில் வேறு இடமே இல்லாத மாதிரி.

காத்தாயிக்கு மட்டும் பார்க்கிற பழக்கம் விட்டுப்போகவில்லை. அவள் அப்போது அடைகாத்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கிளைக் கவட்டையில் அவள் கூடு, கூட்டில் நான்கு முட்டைகள். அடைகாக்கிறவளுக்கு வேறு என்ன வேலை? பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அப்படிப் பார்க்கும்போதுதான் அந்தப் புதர் கண்ணில் பட்டது.

மேற்குக் கரையில் ஒரு துவைகல் கிடந்தது. காலையில் கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆவாரம் புதர், சாயங்காலம் கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்தது. காற்றுக்குச் சாய்ந்திருக்குமோ என்று பார்த்தாள். காற்றே இல்லை. கல்லை யாராவது புரட்டிப் போட்டார்களோ என்று பார்த்தாள். கல்லின் மேல் காய்ந்த பாசி காலையில் இருந்த மாதிரியே இருந்தது. நகர்ந்தது புதர்தான்.

அன்று மாலை தலைக்கிளையார் தொண்டைப் பையைக் குலுக்கிக்கொண்டு சேதி சொன்னார். நீர் தெளிவாக இருக்கிறது, மீன் இருக்கிறது, மேற்குக் கரை அமைதி, அங்கே இருந்த புதர் இருந்த இடத்தில் இருக்கிறது. நாரைகள் அப்படித்தான் என்றன. கொக்குகள் அப்படித்தான் என்றன. சொல் ஒவ்வொரு கிளையாக இறங்கி வந்தது. பக்கத்துக் கிளை நாமக்கோழி ரெங்கநாயகி சொன்னாள். காத்தாயியின் புருசன் வீரணன் சொன்னான். கடைசியில் காத்தாயியின் முறை வந்தது. அவள் வாயைத் திறந்தாள். "அப்படித்தான்" என்ற சொல் வெளியே வந்தது.

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் சொல்ல நினைத்தது அது இல்லை. ஆனால் இத்தனை பேர் சொன்ன பிறகு, அந்தச் சொல் அவள் வாய்க்குள் முன்னமே வந்து உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அவள் சந்தேகப்பட்டது புதரை அல்ல, தன் கண்ணை. இத்தனை பேருக்குத் தெரியாதது எனக்கு மட்டும் தெரிகிறதென்றால் கோளாறு எங்கே இருக்கும்? கண்ணில் தூசி விழுந்திருக்கும் என்று கிளையில் தேய்த்தாள். மருதப் பட்டையில் மறுபடி மறுபடி தேய்த்தாள். வீரணன் பார்த்துவிட்டு, போதும், தோல் உரிந்துவிடும் என்றான். தோல் உரியத்தான் செய்தது. கண்ணுக்கு முன்னால் சதை சிவந்து தொங்கியது. ஆனால் விடிந்து பார்த்தால் புதர் இன்னும் கிட்டத்தில் வந்திருந்தது.

அன்றைக்குச் சிறகிக் கூட்டத்தில் ஒரு குமரி திரும்பி வரவில்லை. மாலையில் தலைக்கிளையார், அவள் வேறு கண்மாய்க்குப் போயிருப்பாள், இளசுகள் அப்படித்தானே என்றார். அப்படித்தான், அப்படித்தான் என்று சொல் இறங்கியது. பிள்ளையைக் காணாத தாய்ச் சிறகியின் முறை வந்தபோது அவளும் "அப்படித்தான்" என்றாள். சொல்லிவிட்டு இறக்கைக்குள் தலையை வைத்துக்கொண்டவள் நெடுநேரம் வெளியே எடுக்கவில்லை.

காத்தாயியும் அன்று சொன்னாள். சொல்லும்போது நாக்கு கசந்தது.

மறுநாள் காலையில் அவள் ரெங்கநாயகியைத் தனியாகப் பிடித்தாள். நெற்றியில் நாமம் துலங்க, நாணல் ஓரத்தில் பாசி தின்றுகொண்டிருந்தாள் ரெங்கநாயகி.

"மதினி, ஒண்ணு கேக்கறேன். அந்தப் புதர் நகருதா, இல்லையா?"

ரெங்கநாயகி சுற்றும்முற்றும் பார்த்தாள். பாசியை மென்று விழுங்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"நகருது. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ சொன்னியா?"

காத்தாயி காலடிச் சேற்றைக் கிளறினாள்.

"இங்க பாருடி," என்றாள் ரெங்கநாயகி. "தனியாளா சரியா இருந்தா ராவெல்லாம் முழிச்சிருக்கணும். எல்லாரோடயும் சேந்து தப்பா இருந்தா, தூக்கமாவது வரும். நாலு முட்டை வச்சிருக்கவ நீ. நாமத்தைப் போட்டுக்கிட்டு நானே சும்மா இருக்கேன், உனக்கென்ன வந்துச்சு?"

சொல்லிவிட்டு முங்கிப் போய்விட்டாள். காத்தாயி அங்கேயே நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது. ரெங்கநாயகி மேல் இல்லை. ஒன்று புரிந்துபோனதால் வந்த கோபம். இவளுக்குத் தெரியும் என்றால், அந்தக் கொக்குகளுக்கும் தெரிந்திருக்கும், நாரைகளுக்கும் தெரிந்திருக்கும். மரம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஆனால் அடுத்தவர் நம்புகிறார் என்று நினைத்து ஒவ்வொருவரும் நம்புகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். தன் கண்ணை அநியாயமாகத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டோமே என்று நினைத்தாள்.

வீரணனைக் கூட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, புதரை நோக்கித் தரையோடு தரையாக நடந்தாள். அது இப்போது கரையைச் சுற்றிக் கிழக்கே வந்துவிட்டிருந்தது. இரண்டு பனைகளுக்கும் அடியில் நின்றது. கிட்டே போகப் போக வியர்வை வாடை வந்தது. தழைக்குக் கீழே பார்த்தாள். புதருக்கு விரல் இருந்தது. பத்து விரலிலும் சேறு அப்பியிருந்தது. ஒரு கால் எழும்பி மற்றக் கெண்டைக்காலைச் சொறிந்துவிட்டு மறுபடி புதருக்குள் போயிற்று. உள்ளே இடுப்புக் கயிற்றில் ஒரு சிறகியின் இறக்கைகள் தொங்கின.

ஆள். தழையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள். அவன் ஒரு பனையில் ஏறி எதையோ கட்டினான், இறங்கி வந்து மற்றப் பனையில் ஏறினான். மெல்லிய நூல் வலை. வானத்தை வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. கட்டி முடித்துவிட்டுத் தனக்குள் பேசிக்கொண்டான். "எல்லாம் ஒரே வழியா போறதுக. ஒரே வலை போதும். விடியட்டும்."

காத்தாயி திரும்பி நடந்தாள். வீரணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நல்லவன். நல்லவன் என்பதோடு பயந்தவனும்கூட. தலைக்கிளையாரிடம் தனியாகப் போய்ப் பணிவாகச் சொல்லிப் பார்க்கலாமே என்றான். தனியாகச் சொன்னால் தனியாகவே முடிந்துவிடும் என்றாள் காத்தாயி. முட்டைகளைப் பார்த்தாயா என்றான் அவன். பார்த்ததனால்தான் சொல்லப் போகிறேன் என்றாள்.

பொழுது சாய்ந்தது. தலைக்கிளையார் சேதி சொன்னார். நீர் தெளிவு, மீன் உண்டு, மேற்குக் கரை அமைதி. கிழக்கே பனையடியில் ஒரு புதர், அது எப்போதும் அங்கே இருக்கிற புதர்தான்.

அப்படித்தான், அப்படித்தான், அப்படித்தான். தாய்ச் சிறகி சொன்னாள். ரெங்கநாயகி சொன்னாள், காத்தாயியைப் பார்க்காமல் சொன்னாள். வீரணனும் சொன்னான்.

காத்தாயி கிளையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அப்படி இல்ல," என்றாள்.

புதர் இல்லை, ஆள் என்று சொன்னாள். கால் விரலைச் சொன்னாள். வலையைச் சொன்னாள், அவன் இடுப்பில் தொங்கிய இறக்கைகளைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் மேலே எங்கோ ஒரு கொக்கு சிரித்தது. அதற்காகவே காத்திருந்த மாதிரி மரம் முழுக்கச் சிரித்தது.

"புதர் நடக்குதாம்ல. நாளைக்குக் கண்மாய் எந்திரிச்சுக் கல்யாணத்துக்குப் போகும்."

"அவ கண்ணைப் பாரு, கோவைப்பழமாட்டம். கண் நோவு வந்தவளுக்குக் கருவேலமரம்கூட ஆடும்."

"கீழ்க்கிளையில இருந்துக்கிட்டு மேல்கிளைக்குத் தெரியாததைப் பாத்துட்டாளாம்."

தலைக்கிளையார் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. முட்டைகள் உடைந்த அந்தக் காலத்தைப் பார்த்தவர். அவருக்கு வலையைவிடக் கிளை ஆடுவதுதான் பயம். மெதுவாக, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"ஆத்தா காத்தாயி, ஒரே ஒரு சொல். அப்படித்தான்னு சொல்லிட்டு உறங்கு. புதர் நடந்தா நடந்துட்டுப் போகுது. சொல்லலைன்னா இந்த மரத்துல உனக்கு இடமில்லை. கிளையை விட்டு இறங்கணும். கூடு கிளைக்குச் சொந்தம், உன்கூட வராது."

அதுதான் பேச்சு. ஒரு பக்கம் நான்கு முட்டை, இன்னொரு பக்கம் மரம் முழுக்க இருக்கிற உயிர். அந்த உயிரெல்லாம் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

காத்தாயி குனிந்து தன் காலைப் பார்த்தாள். அது அவளைக் கேட்காமலே கிளையைப் பிடித்திருந்தது. முன்விரல்கள் சும்மா மேலே கிடந்தன. பிடித்திருந்தது பின்விரல். கிளைக்கு அடியில் சுற்றி வளைத்து, விடவே மாட்டேன் என்று. இறங்கு என்று மனசு சொன்னாலும் அந்த விரல் இறங்க விடாது. நேற்றும் முந்தாநாளும் தன் வாயில் வந்த சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அது வாயிலிருந்து வரவில்லை, இந்த விரலிலிருந்து வந்திருக்கிறது.

"ஐயா," என்றாள். "இந்த விரல் இருக்கிற வரைக்கும் நான் உங்களுக்குப் பயந்துதான் ஆகணும். இதை நீங்களே வச்சுக்கங்க."

குனிந்தாள். பின்விரலைத் தன் அலகாலேயே கொத்தித் துண்டித்தாள். ஒரு காலில், பிறகு மறு காலில். கிளையில் இரண்டு சொட்டு ரத்தம் நின்றது. பிடி போனதும் உடம்பு சரிந்தது. இறக்கையை விரித்துத் தரையில் போய் நின்றாள். நிற்கும்போது தள்ளாடினாள், விழவில்லை.

மேலே சிரிப்பு நின்றுவிட்டது. தலைக்கிளையார் வீரணனைப் பார்த்து, நீ என்னப்பா சொல்கிறாய் என்று கேட்டார். வீரணன் முட்டைகளைப் பார்த்தான். கிளையில் நின்ற ரத்தத்தைப் பார்த்தான். "அப்படித்தான்" என்றான், யாருக்கும் கேட்காத குரலில். கீழே நின்றவளுக்குக் கேட்டது.

கிழக்கு வெளுக்கும்போது காத்தாயி பனைமரங்களுக்குச் சற்று முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மருத மரத்தில் இறக்கைகள் சிலுப்பிக்கொள்ளும் சத்தம் கேட்டது. தலைக்கிளையார் எழும்பினார். அவருக்குப் பின்னால் மொத்த மரமும் எழும்பித் திரள் கட்டியது. காத்தாயி தரையிலிருந்து எழும்பி நேர் எதிரே பறந்து வந்தாள். அத்தனை பேர் வருகிற வழியில் ஒருத்தி எதிர்த்திசையில்.

"அப்படி இல்ல! அப்படி இல்ல!"

அந்தத் தொண்டையில் அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று அவளே நினைத்ததில்லை. திரளில் எல்லாருக்கும் கேட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? கீழே புதரைப் பார்க்கவில்லை. எதிரே வலையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் பறக்கிறவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் திரும்புகிறானா? அவன் திரும்பவில்லை, ஏனென்றால் அவன் இவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்படியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் வலையை நோக்கிப் போனது.

அப்போது பின்னால் மரத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது. வீரணன். கூட்டில் முட்டைகளின் மேல் எழுந்து நின்றுகொண்டு, நடுக்கம் அத்தனையும் குரலில் தெரியக் கத்தினான். "அவ சொல்றது நிசம். அப்படி இல்ல!"

ஒரு குரலுக்கு அசையாத கூட்டம் இரண்டாவது குரலில் கலைந்தது. முதலில் தாய்ச் சிறகி திரும்பினாள். திரும்பும்போது, "எம்புள்ள எங்கயும் போகல, அவன் கொன்னுட்டான்" என்று கத்திக்கொண்டே திரும்பினாள். அடுத்து ரெங்கநாயகி. பிறகு யார் முன்னே, யார் பின்னே என்று தெரியாமல் நாரை தெற்கே, கொக்கு வடக்கே, வக்கா மேலே என்று வானம் முழுக்கச் சிதறினார்கள். தலைக்கிளையார் வலையை உரசித் திரும்பியதில் வாலிறகு இரண்டு மட்டும் நூலில் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. பனையடியில் இருந்த புதர் எழுந்து, தழையெல்லாம் உதிர உதிரக் கண்மாய்க் கரையில் ஓடியது. ஓடிக்கொண்டே காத்தாயியைப் பார்த்துக் காறித் துப்பியது. "ஆளைக் காட்டிக் கொடுத்துட்டியேடி, ஆள்காட்டி."

பெயரே இல்லாதிருந்த அந்த இனத்துக்கு அன்றைக்குத்தான் பெயர் கிடைத்தது. வைத்தவன் வசவாகத்தான் வைத்தான். காத்தாயி அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

வீரணன் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தரைக்குக் கொண்டுவந்து சரளைக் கற்களுக்கு நடுவே வைத்தான். பிறகு அவள் எதிரிலேயே தன் பின்விரல்களையும் கொத்திப் போட்டான். உங்களை யாரும் கேட்கவில்லையே என்றாள் அவள். "யாரும் கேக்காம நானாச் செய்யற காரியம் ஒண்ணாவது இருக்கட்டும்" என்றான். அவள் அதற்குமேல் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசவில்லை. வெயிலும் புழுதியும் பட்டு முட்டைகள் கல்லின் நிறத்துக்கு மாறின.

அன்று மாலையும் மரம் கூடியது. தலைக்கிளையார் தொண்டைப் பையைக் குலுக்கிக்கொண்டு சேதி சொன்னார். அந்தப் புதர் ஆள்தான் என்று தனக்கு முதல் நாளே தெரியும் என்றார்.

அப்படித்தான் என்றன நாரைகள். அப்படித்தான் என்றன கொக்குகள். சொல் ஒவ்வொரு கிளையாக இறங்கியது. தாய்ச் சிறகி மட்டும் வாயைத் திறக்கவில்லை. ரெங்கநாயகி ஒரு சாக்குச் சொல்லிக் கிளையை விட்டு இறங்கித் தண்ணீருக்குப் போய்விட்டாள்.

தலைக்கிளையார் கீழே பார்த்து, காத்தாயிக்கு இனி மூன்றாவது கிளையில் இடம், பழசை மறந்துவிடுவோம் என்றார்.

"பிடிக்க விரல் இல்லைங்கய்யா," என்றாள் காத்தாயி. "இருந்தாலும் வரமாட்டேன். இன்னொண்ணு. உங்களுக்கு முதல் நாளே தெரியும்னீங்க. அப்படி இல்ல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வலை வைத்தவன் வலையில் ஒரு பறவையும் விழாமல் ஊருக்குப் போனான், ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்கிற கூட்டத்துக்கு ஒரு வலையே போதும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் போய்ச் சொன்னான். அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மனுசக் கூட்டத்தில் முதல் ஆள் சொன்னதற்குக் கடைசி ஆள் வரைக்கும் தலையாட்டுவதும், தெரிந்தவனும் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வதும் அங்கிருந்து வந்த பழக்கம்தான்.

ஆள்காட்டிகள் அந்தப் பக்கம் போகவில்லை. பின்விரல் இருந்த இடத்தில் தழும்பு மாதிரி ஒரு துணுக்கு மட்டும் அவற்றுக்கு இன்றும் உண்டு, எந்தக் கிளையும் அதற்குப் பிடிபடாது. கண்ணுக்கு முன்னால் அந்தச் சிவப்பு ஆறவே இல்லை. வெட்டவெளியில், கல்லோடு கல்லாக முட்டையிட்டுக்கொண்டு, ஆள் வந்தாலும் கத்தும், நாய் வந்தாலும் கத்தும், சும்மா போகிற மாட்டைப் பார்த்தும் சில நேரம் கத்திவிடும். தப்பாகக் கத்தினால் போகட்டும், வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு அது மேல். கண்மாயில் மேய்கிற அத்தனை பறவையும் அந்தக் குரல் கேட்டால் பக்கத்து முகத்தைப் பார்க்காமல் தலையைத் தூக்குகிறது. அந்த விடியற்காலையிலிருந்துதான் அது ஒற்றை ஆளாக வானத்தில் சுற்றிச் சுற்றி, கேட்கிறவன் கேட்டாலும் கேட்காவிட்டாலும், கத்திக்கொண்டே இருக்கிறது: அப்படி இல்ல, அப்படி இல்ல, அப்படி இல்ல.